கம்ப்யூட்டர் போனாலும் கடை திறக்க வேண்டும்: சிறு தொழில்களுக்கான பேக்கப் வழிகாட்டி

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில், இரண்டாம் ஸ்டேஜில் ஒரு மெஷின் ஷாப். முதலாளி கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மூன்று சிஎன்சி மெஷின், இருபது பேருக்கு மேல் வேலை. கணக்கு, பில் எல்லாம் டேலி சாஃப்ட்வேரில். ஒரு திங்கட்கிழமை காலை ஏழரைக்கு போன் செய்தார். "தம்பி, டேலி திறக்க மாட்டேங்குது, டிராயிங் ஃபைல் எல்லாத்துக்கும் பேர் மாறிக் கிடக்கு, கொஞ்சம் சீக்கிரம் வர்றியா?" போய்ப் பார்த்தால் டெஸ்க்டாப்பில் பணம் கேட்டு ஒரு நோட்பேட் ஃபைல். ரான்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். "பேக்கப் இருக்காண்ணா?" என்று கேட்டேன். "தினம் ராத்திரி ஆகுது தம்பி" என்று சிபியூவுக்குப் பின்னால் கையைக் காட்டினார். அங்கே 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்று, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, நீல விளக்கு மினுக்கிக்கொண்டு இருந்தது. இரண்டு வருடமாக அதை யாரும் கழற்றியதில்லை. கம்ப்யூட்டரில் இருந்ததைப் பூட்டிய வைரஸ், அந்த டிஸ்கில் இருந்ததையும் ஒன்று விடாமல் பூட்டியிருந்தது.

கடைசியில் கைகொடுத்தது, கணக்கு பார்க்கும் அக்கா ஆடிட்டரிடம் கொடுப்பதற்காக எடுத்துப் போயிருந்த ஒரு பென் டிரைவ். அதில் 17 நாள் பழைய டேலி பேக்கப் இருந்தது. மீதி 17 நாள் பில்களை, டெலிவரி சலானின் கார்பன் காப்பியைப் பார்த்து அக்காவும் ஒரு பையனும் உட்கார்ந்து திரும்ப அடித்தார்கள். டிராயிங்குகளை வாடிக்கையாளர்களுக்கு மெயில் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினோம். சில புரோகிராம்கள் சிஎன்சி மெஷினின் மெமரியிலேயே இருந்தன, அது அதிர்ஷ்டம். பழைய நிலைக்கு வர 11 நாள் ஆனது.

அதற்குப் பிறகு நான் யாருக்கு பேக்கப் போட்டுக் கொடுத்தாலும் எடுப்பதிலிருந்து யோசிப்பதில்லை. எல்லாம் போன அந்தக் காலையை முதலில் கற்பனை செய்யச் சொல்கிறேன். யார், எந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, எந்த பாஸ்வேர்டு போட்டு, எதை முதலில் திரும்ப எடுப்பார்கள்? அங்கிருந்து பின்னோக்கி வந்தால் எதை வாங்கவேண்டும், எங்கே வைக்கவேண்டும் என்பதெல்லாம் தானாகத் தெரியும். கீழே உள்ள படிகளும் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான்.

முதல் படி: என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது

ஒரு நீள நோட்டு எடுங்கள். கம்ப்யூட்டரில் எழுத வேண்டாம், ஏனென்றால் இந்தப் பட்டியல் தேவைப்படும் நாளில் கம்ப்யூட்டர் இருக்காது. கடைக்குள் நடந்துபோய், ஒவ்வொரு ஆளிடமும் "நாளைக்கு இந்தப் பெட்டி இல்லைன்னா உங்களுக்கு எது ஓடாது?" என்று கேளுங்கள். முதலாளிக்குத் தெரியாத விஷயங்கள் அப்போதுதான் வெளியே வரும். டேலி என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் சம்பளக் கணக்கு அக்காவின் டெஸ்க்டாப்பில் ஒரு எக்செல் ஷீட்டாக இருக்கும். ரேட் லிஸ்ட் சேல்ஸ் பையனின் சொந்த லேப்டாப்பில் இருக்கும். ஆர்டர் முழுக்க வாட்ஸ்அப்பில், அதுவும் முதலாளியின் ஒரே போனில் இருக்கும், அந்த போனின் பேக்கப் எந்த கூகுள் கணக்குக்குப் போகிறது என்று அவருக்கே நினைவிருக்காது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், வெப்சைட் டொமைனைப் புதுப்பிக்கும் லாகின், சாஃப்ட்வேர் லைசென்ஸ் விவரம், ரவுட்டர் செட்டிங், பயோமெட்ரிக் வருகைப் பதிவு, இதெல்லாம் டேட்டாதான். எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டறை வைத்திருப்பவர்கள் சிஎன்சி புரோகிராமைத் தனியாகக் கவனியுங்கள். ஆபரேட்டர் மெஷின் முன்னால் நின்று திருத்திய கடைசி வடிவம் மெஷினில் மட்டும்தான் இருக்கும், ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருப்பது பழசாகவே இருக்கும். மெஷினின் மெமரி பேட்டரி செத்தால் அதுவும் போய்விடும். மாதம் ஒரு முறையாவது புரோகிராமையும் பாராமீட்டரையும் வெளியே எடுத்து வையுங்கள்.

இரண்டாம் படி: எவ்வளவு இழக்கலாம், எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்

பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு எண்கள் எழுதவேண்டும். எத்தனை மணி நேர வேலை போனால் தாங்கும் என்பது ஒன்று, அதை ஆர்பிஓ என்பார்கள். எத்தனை மணி நேரத்துக்குள் திரும்ப ஓடவேண்டும் என்பது இன்னொன்று, ஆர்டிஓ. பெயர்களை மறந்தாலும் பரவாயில்லை, எண்களை எழுதாமல் விடாதீர்கள். இவற்றை முடிவு செய்யவேண்டியவர் முதலாளி, ஐடி ஆள் இல்லை.

சிக்பேட்டையில் புடவை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரிடம் கேட்டபோது "ஒரு நாள் போனா பரவாயில்ல" என்றார். "வரமகாலட்சுமிக்கு முந்தின வாரமாண்ணா?" என்று கேட்டதும் யோசித்தார். அந்த வாரத்தில் ஒரு மணி நேர பில்லிங்கே அவருக்குப் பெரிது. அதனால் அவருக்குச் சாதாரண நாளில் இரவு ஒரு முறை, சீசனில் மணிக்கொரு முறை என்று வைத்தோம். சிசிடிவி பதிவுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி பாதுகாக்க நினைத்தால் செலவு எகிறி, கடைசியில் எதையுமே செய்யாமல் விட்டுவிடுவோம்.

மூன்றாம் படி: நகல்களை எங்கே வைப்பது

பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டேட்டாவுக்கு மூன்று நகல், இரண்டு வகை சேமிப்பில், அதில் ஒன்று வேறு இடத்தில். ரான்சம்வேர் வந்தபிறகு இதில் இன்னும் இரண்டு சேர்ந்தன. ஒரு நகல் நெட்வொர்க்கிலிருந்து முழுசாகக் கழற்றியோ, யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டியோ இருக்கவேண்டும். அப்புறம், திரும்ப எடுத்துச் சோதித்ததில் பிழை பூஜ்யமாக இருக்கவேண்டும்.

விதியை மனப்பாடம் செய்வதைவிட, என்ன ஆபத்து எந்த நகலை அழிக்கும் என்று பாருங்கள். தீயும் வெள்ளமும் ஒரே கட்டடத்தில் இருப்பதையெல்லாம் கொண்டுபோகும். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நம் ஊரில் 2022 செப்டம்பர் முதல் வாரத்தில் பெல்லந்தூர், வெளிவட்டச் சாலைப் பக்கம் ஐடி ஊழியர்கள் டிராக்டரில் ஏறி வந்ததைப் பார்த்தோம், அந்தப் பக்கம் பேஸ்மென்டில் சர்வரும் யுபிஎஸ்ஸும் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் டேஜான் நகரில், அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பில் இருந்த 858 டிபி, வெளியே நகல் இல்லாததால் அழிந்தே போனது. ஒரு நாட்டின் அரசாங்கத்துக்கே இந்த நிலை. உங்கள் சர்வர் பக்கத்தில் யுபிஎஸ் பேட்டரி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே ஒரு முறை பாருங்கள்.

ரான்சம்வேர், கைதவறி அழிப்பது, கோபத்தில் வேலையை விட்டுப் போகிறவர் அழிப்பது, இவை மூன்றும் இடத்தைப் பார்ப்பதில்லை, கை எட்டுகிற நகலையெல்லாம் அழிக்கும். எட்டாத இடத்தில் ஒன்று இருக்கவேண்டும் என்பது அதற்காகத்தான்.

இங்கே மூன்று குழப்பங்களைத் தீர்த்துவிடலாம். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றில் ஃபோல்டரை ஒத்திசைத்து வைப்பது பேக்கப் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் கிடக்கும். நெட்வொர்க்கில் இணைக்கும் டிஸ்க் பெட்டிதான் என்ஏஎஸ், அதில் பல டிஸ்குகளைச் சேர்த்து ஓட்டும் ரெய்டு போட்டிருந்தாலும் அது பேக்கப் இல்லை, ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் இருக்க உதவும், அவ்வளவே. பென் டிரைவ் மேலே சொன்ன கதையில் காப்பாற்றியதே என்று கேட்பீர்கள். அது தற்செயல். பென் டிரைவை நம்பி வருடக்கணக்கில் டேட்டாவை வைக்காதீர்கள்.

நான்காம் படி: போட்டு வைப்பது

அந்த மெஷின் ஷாப்பில் இப்போது இருப்பதை அப்படியே சொல்கிறேன், உங்கள் அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். முதல் மாடியில் இரண்டு டிஸ்க் என்ஏஎஸ் ஒன்று. இரவு பதினொன்றுக்கு அது எல்லா கம்ப்யூட்டரிலிருந்தும் டேட்டாவை இழுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் என்ஏஎஸ்ஸுக்குள் எழுதுவதில்லை, என்ஏஎஸ்தான் வந்து எடுக்கிறது, இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்தால் அதன் கையில் என்ஏஎஸ்ஸில் எழுதும் உரிமை இருக்கக் கூடாது. என்ஏஎஸ்ஸின் அட்மின் பாஸ்வேர்டு வேறு எங்கும் பயன்படாத ஒன்று, அதை எந்த பிரவுசரிலும் சேமித்து வைக்கவில்லை.

இரண்டாவதாக, இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்குகள். மேலே மார்க்கரில் பெரிதாக ஒன்று, இரண்டு என்று எழுதியிருக்கிறது. சனிக்கிழமை மாலை ஒன்றைச் செருகி, நகல் முடிந்ததும் கழற்றி, முதலாளி ராஜாஜிநகரில் உள்ள வீட்டுக்கு எடுத்துப்போகிறார், வீட்டில் இருந்த மற்றொன்று அடுத்த சனிக்கிழமை வரும். மூன்றாவது நகல் கிளவுடில். பெங்களூரில் தொழில் என்றால் மும்பையிலோ ஹைதராபாத்திலோ உள்ள ரீஜனை, அதாவது டேட்டா சென்டர் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், அமேசானுக்கு இரண்டு ஊரிலும் இருக்கிறது. ஆப்ஜெக்ட் லாக் என்ற வசதியைப் போட்டால், குறித்த நாள் வரை அந்த நகலை அட்மினாலும் அழிக்க முடியாதபடி பூட்டலாம். கிளவுட் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம், அந்த ஓடிபி வரும் போன் தொலைந்தால் உள்ளே போக உதவும் ரெகவரி கோடுகளைத் தாளில் எடுத்து வையுங்கள்.

கிளவுடை மட்டும் நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1 டிபியை 40 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் ஏற்ற, லைன் ஒரு நொடி நிற்காமல் ஓடினாலும் 55 மணி நேரம். திரும்ப இறக்க 100 எம்பிபிஎஸ் கிடைத்தாலும் 22 மணி நேரம். நீங்கள் எழுதிய ஆர்டிஓ நான்கு மணி நேரம் என்றால் கிளவுட் மட்டும் போதாது, பக்கத்தில் ஒரு நகல் வேண்டும்.

டேலியை எப்படி எடுப்பது? டேலிபிரைமில் ஆல்ட், ஒய் அழுத்தினால் டேட்டா மெனு வரும், அதில் பேக்கப் இருக்கிறது. கம்பெனி திறந்து யாரோ பில் போட்டுக்கொண்டு இருக்கும்போது டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி அடிப்பது சரியில்லை, பாதி எழுதிய நிலையில் நகல் விழும். மற்ற டேட்டாபேஸ்களுக்கும் இதே கதைதான், ஓடுகிற டேட்டாபேஸின் ஃபைலைத் தொடாமல், முழு நகலை வெளியே எழுதும் அதற்குரிய டம்ப் கட்டளையால் எடுங்கள். டேலியின் டேட்டாவைப் பூட்டும் டேலிவால்ட் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதை மறந்தபிறகு யாராலும் மீட்க முடியாது. பேக்கப்பை என்கிரிப்ட் செய்யும் பாஸ்வேர்டும் அப்படித்தான். இரண்டு பாஸ்வேர்டையும் சேர்த்து இரண்டு தாளில் எழுதி, தனித்தனி உறையில் ஒட்டி, ஒன்றை வீட்டு பீரோவிலும் ஒன்றை ஆடிட்டரிடமோ வங்கி லாக்கரிலோ வையுங்கள்.

எத்தனை நாள் வைத்திருப்பது என்பதற்குச் சட்டமும் ஒரு பதில் சொல்கிறது. ஜிஎஸ்டி கணக்குகளை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கவேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டு வைத்திருக்கவேண்டும், மின்னணுக் கணக்குகளின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் இருக்கவேண்டும் என்று 2022இல் விதி மாறியது. நான் வைப்பது: தினசரி நகல் 14, வாராந்திரம் 8, மாதாந்திரம் 12, ஆண்டு முடிவு நகல் 8. வைரஸ் உள்ளே வந்து வாரக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் பிறகுதான் பூட்டும் என்பதால் நேற்றைய நகல் ஒன்றை மட்டும் வைத்திருப்பது போதாது.

ஐந்தாம் படி: திரும்ப எடுத்துப் பார்ப்பது

இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு ஆதங்கமும் இதில்தான். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் கோடை வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்புக்கும் நகலெடுப்புக்கும் அவர்களிடம் ஐந்து வழிகள் இருந்தன, ஒன்றும் நம்பும்படி வேலை செய்யவில்லை. டம்ப் எடுக்கும் மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல் நாள்கணக்கில் தோற்றுக்கொண்டு இருந்திருக்கிறது, தோற்றது என்று சொல்லும் மெயிலும் போய்ச் சேரவில்லை. சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்துவைத்திருந்த ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேர நிலையின் நகல்தான் காப்பாற்றியது. மென்பொருள் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இப்படி நடந்தது, அதை ஒளிக்காமல் வெளியே சொன்னதற்காக அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். ஆபீஸ் நெட்வொர்க்கில் இதுவரை சேர்க்காத ஒரு லேப்டாப். ஆபீஸின் கம்ப்யூட்டர், சர்வர் எதையும் தொடக் கூடாது. கையில் வீட்டிலிருந்து வந்த டிஸ்கும் உறையில் உள்ள தாளும் மட்டும். கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்குங்கள். டேலியைத் திறந்து, கடைசி பில் நம்பர் என்ன, டிரையல் பேலன்ஸ் மொத்தம் என்ன என்று பார்த்து, முந்தைய நாள் எடுத்து வைத்த பிரிண்ட்டுடன் ஒப்பிடுங்கள். டிராயிங் ஃபோல்டரில் கண்ணை மூடிக்கொண்டு பத்து ஃபைலைத் தேர்ந்தெடுத்துத் திறந்து பாருங்கள். ஃபைல் இருக்கிறது என்பது போதாது, திறக்கிறதா என்பதுதான் கேள்வி. முடிந்த நேரத்தை நோட்டில் எழுதுங்கள்.

மெஷின் ஷாப்பில் முதல் சோதனைக்கு 6 மணி 40 நிமிடம் ஆனது. டேட்டா வந்தது என்னவோ ஒன்றரை மணி நேரத்தில். புது லேப்டாப்பில் டேலி லைசென்ஸை ஆக்டிவேட் செய்யும் கீ, பதிவு செய்த மெயில் முகவரிக்குப் போனது, அந்த முகவரி நான்கு வருடம் முன்பு வேலையை விட்டு ஈரோட்டுக்குப் போய்விட்ட பையனுடையது. அக்கா அவனைத் தேடிப் பிடித்து, அவன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மெயிலைத் திறந்து பார்த்து, கீயைப் படித்துச் சொல்ல, ஒரு வழியாகத் திறந்தோம். அன்றைக்கே முகவரியை மாற்றினோம். நிஜமான ஆபத்து நாளில் அந்தப் பையன் போனை எடுக்காமல் இருந்திருந்தால்? இதை எந்த பேக்கப் சாஃப்ட்வேரும் உங்களுக்குச் சொல்லாது, செய்து பார்த்தால்தான் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும், ஆனால் சோதனையை நடத்துபவர் ஐடி ஆளாக இருக்கக் கூடாது, அக்காவே செய்யட்டும்.

ஆறாம் படி: அந்த நாளுக்கான ஒரு தாள்

ஒரே ஒரு ஏ4 தாள், சுவரில் ஒட்டுவதற்கு ஒன்று, முதலாளி வீட்டில் ஒன்று. அதில் இருக்கவேண்டியது:

முதலில் லேன் கேபிளைப் பிடுங்கு, வைஃபையை நிறுத்து. எதையும் ஃபார்மட் செய்யாதே. திரையில் வந்திருப்பதை போனில் படம் எடு. பேக்கப் டிஸ்கை எந்தக் காரணத்துக்கும் பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டரில் செருகாதே. இந்தக் கடைசி வரியைச் சிவப்பில் எழுதுங்கள், பதற்றத்தில் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான், கடைசி நல்ல நகலும் அப்படித்தான் போகிறது.

அடுத்து யாரை அழைப்பது, போன் நம்பர்களோடு. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி ரான்சம்வேர் போன்ற சம்பவங்களைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களிடம் தெரிவிக்கவேண்டும். பணம் ஏமாந்திருந்தால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு உடனே அழையுங்கள். மிரட்டுபவருக்குப் பணம் கொடுத்தாலும் டேட்டா வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, நான் யாருக்கும் கொடுக்கச் சொன்னதில்லை.

அதற்கப்புறம் கையால் ஓட்டும் வழி. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் தாக்கப்பட்டபோது அங்கே நோயாளிகள் பதிவு முதல் எல்லாம் தாளுக்குத் திரும்பியது. உங்களிடம் அச்சடித்த பில் புத்தகமும் சலான் புத்தகமும் ரேட் லிஸ்ட் பிரிண்ட்டும் இருக்கிறதா? இருந்தால் அன்றைக்கே லாரி கிளம்பும்.

பிறகு எந்த வரிசையில் மீட்பது. மெயிலும் லாகின்களும் முதலில், அடுத்து பில்லிங், அடுத்து டிராயிங், மற்றதெல்லாம் பிறகு. 2017 ஜூனில் நாட்பெட்யா வைரஸ் தாக்குதலில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் ஏறத்தாழ எல்லாவற்றையும் இழந்தது. பயனர் கணக்குகளை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் எல்லாம் போயின. கானாவில் கரண்ட் போய் நெட்வொர்க்கிலிருந்து விலகியிருந்த ஒரே ஒன்று மிஞ்சியது, அதை வைத்துத்தான் மீண்டார்கள். யார் உள்ளே நுழையலாம் என்ற பட்டியல் இல்லாமல் மற்ற டேட்டா இருந்தும் பயனில்லை.

மீட்பதற்கு முன் எந்த ஓட்டை வழியாக வந்தார்கள் என்று கண்டுபிடித்து அடையுங்கள். நான் பார்த்த சிறு ஆபீஸ்களில், வெளியிலிருந்து வேலை செய்ய வசதியாக ரிமோட் டெஸ்க்டாப்பை இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்து விட்டிருப்பதுதான் அடிக்கடி வரும் காரணம். அதை அடைக்காமல் மீட்டால் அடுத்த வாரம் திரும்ப நடக்கும்.

அன்றாடக் கவனிப்பு

பேக்கப் தோற்றால் மெயில் வரும்படி வைப்பதோடு, வெற்றி மெயில் வரவில்லை என்றாலும் யாராவது கேட்கும்படி வையுங்கள். அக்கா தினம் காலையில் டீ வருவதற்குள் என்ஏஎஸ் திரையைப் பார்த்து நோட்டில் டிக் போடுகிறார். ஒரு ஆள் வேலையை விட்டால், புது மெஷின் வந்தால், புது சாஃப்ட்வேர் போட்டால், முதல் படியில் எழுதிய பட்டியலைத் திருத்தவேண்டும். டிஸ்குகளை நான்கு வருடத்துக்கு மேல் நான் ஓட்டுவதில்லை, வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதிவிடுகிறேன்.

போன மாதம் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் 6 மணி 40 நிமிடம். கடைசிச் சோதனைக்கு அக்கா தனியாகவே உட்கார்ந்திருக்கிறார், எனக்குப் போன்கூடச் செய்யவில்லை. 1 மணி 50 நிமிடம், பக்கத்தில் கடைசி பில் நம்பர், அதன் கீழே அவர் கையெழுத்து.